தனியாக எழுத முடியாத ஆய்வு

“ஏம்மா, நீயே அந்தக் கம்யூனிட்டி. நீயே போய் அவங்களப் பத்தி எழுதினா அதுல அப்ஜெக்டிவிட்டி எங்க இருக்கும்?”

முனைவர் பட்ட ஆய்வுக்கு நான் சேர்ந்த இரண்டாவது மாதம் என் நெறியாளர் கேட்ட கேள்வி இது. கோபமாகக் கேட்கவில்லை. அக்கறையோடுதான் கேட்டார், டீகூட வரவழைத்துக் கொடுத்தார். அதே துறையில் தன் சொந்தச் சாதியின் குலதெய்வ வழிபாட்டை ஆய்வு செய்துகொண்டிருந்த ஒருவர் இருந்தார். அவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. அவருக்கு அது உள்ளிருந்து பார்க்கக் கிடைத்த வாய்ப்பு. எனக்கு அது சார்பு.

அன்று என்னிடம் பதில் இல்லை. பதிலே கிடையாது என்பதல்ல. பதிலை எங்கே தேடுவது, யாரோடு உட்கார்ந்து தேடுவது என்று தெரியாமல் இருந்தது. விடுதி அறையில் படுத்துக்கொண்டு, ஒருவேளை அவர் சொல்வது சரிதானோ என்று யோசித்தேன். தலைப்பை மாற்றிக்கொண்டால் என்ன, சுயஉதவிக் குழுக்கள் பற்றி ஏதாவது எழுதி முடித்துவிட்டு ஊருக்குப் போய்விடலாமே என்றும் தோன்றியது. இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்களில் பாதிப் பேருக்காவது இந்த இரவு தெரிந்திருக்கும்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் அல்ல. அதைத் தனியாளாகச் சுமக்கக்கூடாது என்பதைப் பற்றியது.

முதலில் அந்த அப்ஜெக்டிவிட்டி விவகாரத்தை முடித்துவிடுகிறேன். இந்திய சமூகவியலில் நமக்குப் பாடமாக வைக்கப்படும் பெரிய கிராம ஆய்வுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பக்கத்து ராம்புராவில் ஊர்த் தலைவரின் வீட்டு இடத்தில்தான் தங்கினார். ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சைப் பகுதியில், ‘ஸ்ரீபுரம்’ என்று அவர் பெயர் மாற்றி வைத்த ஊரில் ஆய்வு செய்தபோது அக்ரகாரத்தில் தங்கினார். அங்கே தங்கியதால் சேரியோடு தாராளமாகப் பழக முடியவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். இருவரும் மறைக்கவில்லை, அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் நூல்களை யாரும் ‘அக்ரகாரச் சார்பு ஆய்வு’ என்று வகைப்படுத்தி ஓரமாக வைக்கவில்லை. அவை சமூகவியல். திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் அது அறிவியல், சேரியில் உட்கார்ந்து பார்த்தால் அது ஆக்டிவிசம்.

கோபால் குரு 2002இல் எழுதிய ஒரு கட்டுரை இதை வேறு பக்கத்திலிருந்து பிடித்தது. இந்திய சமூக அறிவியலில் கோட்பாடு பேசுவோர் ஒரு வர்ணமாகவும் தரவு பொறுக்குவோர் இன்னொரு வர்ணமாகவும் பிரிந்து கிடக்கிறார்கள் என்றார் அவர். தலித் மாணவன் களத்துக்குப் போவான், புள்ளிவிவரம் கொண்டுவருவான், அதற்குப் பொருள் சொல்வது வேறொருவர் வேலை. இந்தப் பிரிவினையை உடைக்கக் கோட்பாட்டையும் நாமே செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். ‘நாங்கள் அனுபவித்தோம், அதனால் எங்களுக்குத் தெரியும்’ என்று நாமே நின்றுவிடுவதும் அதே பிரிவினைக்குள் போய் உட்காருவதுதான். அனுபவம் தொடங்குமிடம். அதற்குப் பிறகு ஆவணம் தேட வேண்டும், ஒப்பிட வேண்டும், நமக்குப் பிடிக்காத விடை வந்தால் அதையும் எழுத வேண்டும். இதைத் தனியாக ஒருவர் செய்துவிட முடியும் என்று நான் நம்பியது ஒரு காலம்.

இனி அட்லாண்டாவுக்குப் போவோம். அமெரிக்கத் தென்பகுதியில் 1897ஆம் ஆண்டு, அட்லாண்டா பல்கலைக்கழகம் என்ற சிறிய கறுப்பினக் கல்வி நிறுவனத்துக்கு டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் வந்து சேர்ந்தார். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர், பெர்லினில் படித்தவர். பிலடெல்பியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாகப் போய்க் கறுப்பின மக்களின் வாழ்நிலையைக் கணக்கெடுத்து எழுதியவர், அது 1899இல் நூலாக வந்தது. இவ்வளவு இருந்தும் வெள்ளையர் பல்கலைக்கழகம் எதுவும் அவருக்குப் பேராசிரியர் பணி தரவில்லை. அட்லாண்டாவிலோ போதிய நூலக வசதி கிடையாது, போதிய ஆய்வு நிதி கிடையாது, சம்பளத்துக்கே நன்கொடையை எதிர்பார்க்கும் நிலை.

அப்படியிருந்தும் அங்கே 13 ஆண்டுகள் அவர் வருடாவருடம் ஓர் ஆய்வு மாநாடு நடத்தினார், வருடாவருடம் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். ஓர் ஆண்டு கறுப்பின வணிகர்கள், ஓர் ஆண்டு பள்ளிகள், ஓர் ஆண்டு தேவாலயம், ஓர் ஆண்டு கைவினைஞர்கள் என்று தலைப்பு மாறும். பத்தாண்டுச் சுற்று முடிந்ததும் திரும்ப முதல் தலைப்பு, அப்படியே நூறு ஆண்டுகள் ஓட வேண்டும் என்பது திட்டம். கையில் காசில்லாத ஒருவர் போட்ட திட்டம் இது என்பதைக் கவனியுங்கள்.

யார் தரவு கொண்டுவந்தார்கள்? அங்கே படித்துவிட்டுப் போன முன்னாள் மாணவர்கள், சிறு ஊர்ப் பள்ளி ஆசிரியர்கள், மற்ற கறுப்பினக் கல்லூரிகளில் படித்தவர்கள். பெரும்பாலோருக்குக் கூலி கிடையாது. கேள்வித்தாள் தபாலில் போகும். அவரவர் ஊரில் விசாரித்து எழுதி அனுப்புவார்கள். ஒரே விஷயத்தைப் பல ஊர்களிலிருந்து, பல கைகள் வழியாக வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்கு அவர் கொண்டுபோன 60க்கும் மேற்பட்ட வண்ண வரைபடங்களை மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் கையால் வரைந்தார்கள். இன்று அவற்றைப் பார்த்தாலும் கண் விலகாது, தேடிப் பாருங்கள். ஆல்டன் மோரிஸ் 2015இல் எழுதிய ‘தி ஸ்காலர் டினைட்’ என்ற நூல் இந்த வலைப்பின்னலைத்தான் விரிவாகப் பேசுகிறது. அமெரிக்காவில் அறிவியல்பூர்வமான சமூகவியலின் முதல் பள்ளி சிகாகோ அல்ல, அட்லாண்டா என்பது அவர் வாதம். ஊதியமில்லாத அந்த உழைப்பை அவர் ‘விடுதலை மூலதனம்’ என்று அழைக்கிறார். விடுதலை வேண்டும் என்பதற்காகவே உழைத்தவர்களின் நேரமும் கையும்தான் அந்த மூலதனம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் கதை அரைகுறையாகிவிடும். 1899 ஏப்ரலில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஜார்ஜியாவில் ஒரு கூட்டம் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றது. நிதானமாக ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, செய்தித்தாள் அலுவலகத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார் டுபாய்ஸ். வழியில் ஒரு மளிகைக் கடையில் சாம் ஹோஸின் விரல் முட்டி எலும்புகள் பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டார். திரும்பி நடந்துவிட்டார். மக்கள் கொல்லப்படும்போது ஒதுங்கி நிற்கும் அறிவியலாளனாகத் தன்னால் இருக்க முடியாது என்று அந்த நாளைப் பற்றிப் பின்னாளில் எழுதினார். ஆனால் அதற்குப் பிறகும் பத்தாண்டுக்கு மேல் அந்த அட்டவணைகளையும் கேள்வித்தாள்களையும் அவர் விடவில்லை. நம்மில் பலர் இதை ‘ஆய்வை விட்டுப் போராட்டத்துக்கு வந்தார்’ என்று சுருக்கிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டையும் ஒரே தோளில் வைத்துத்தான் அவர் நடந்தார்.

தோற்ற கதையும் உண்டு. 1906இல் அலபாமாவின் லவுண்ட்ஸ் மாவட்டத்தில் அமெரிக்க அரசின் தொழிலாளர் துறைக்காக ஓர் ஆய்வு செய்தார். மன்றோ வொர்க், ஆர்.ஆர். ரைட் போன்ற இளைய ஆய்வாளர்கள் உடன் போனார்கள். சில இடங்களில் களப்பணியாளர்களை வரவேற்றது துப்பாக்கி. எல்லாவற்றையும் தாண்டி அறிக்கையை முடித்துக் கொடுத்தார்கள். அரசு வெளியிடவில்லை. பிறகு கேட்டபோது அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. நிதியும் வறண்டது. 1910இல் அவர் அட்லாண்டாவை விட்டு, என்.ஏ.ஏ.சி.பி. இயக்கத்தின் ‘கிரைசிஸ்’ இதழுக்குப் போனார். 36 ஆண்டுகள் கழித்து, 1946இல், ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் படியைக் கேட்டு அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இதே டுபாய்ஸுக்குத்தான். அவரும் உடனே பதில் எழுதினார்.

அட்லாண்டா ஆய்வுகள் முடியும் தறுவாயில், 1907 ஜூனில், சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவரத் தொடங்கியது. பண்டிதர் அயோத்திதாசரை இதழாசிரியராக, பௌத்தராக, சிந்தனையாளராக நாம் கொண்டாடுகிறோம். ஓர் ஆய்வு வட்டத்தைக் கட்டியவராக அவ்வளவாகப் பேசுவதில்லை. கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் கூலிகளாகவும் சிறு ஊழியர்களாகவும் போன மக்களிடையே அவரது பௌத்த சங்கத்துக்குக் கிளைகள் இருந்தன, இதழுக்கு வாசகர்கள் இருந்தார்கள். அவர்கள் சும்மா படிக்கவில்லை. கேள்வி எழுதினார்கள், சந்தேகம் கேட்டார்கள். அவரும் இதழில் பெயர் குறிப்பிட்டுப் பதில் சொன்னார். பல்கலைக்கழகம் என்ற வாசலே திறக்காத மக்கள், தங்கள் வரலாற்றை யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று வாராவாரம் விவாதித்தார்கள். அவருடைய சொல்லாராய்ச்சிகள் அத்தனையையும் இன்று நாம் அப்படியே ஏற்க வேண்டிய தேவை இல்லை, பல இடங்களில் அவை நிற்காது. அதைச் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. அவர் தொடங்கிவைத்த பழக்கமே கேட்பதுதானே.

எங்கள் வட்டம் தொடங்கியபோது எனக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. ஒரு வழக்கறிஞர் தோழரின் அலுவலக மாடியில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். என்னைப் போல் இரண்டு ஆய்வு மாணவர்கள், எம்.ஏ. படிக்கும் ஒரு தங்கை, ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இயக்க வேலை பார்க்கும் ஓர் அண்ணன். அவ்வளவுதான். முதல் ஆறு மாதம் புலம்பினோம். யாருடைய நெறியாளர் என்ன சொன்னார், யாருக்கு ஃபெல்லோஷிப் வரவில்லை, யாரை விடுதி வார்டன் எப்படிக் கூப்பிட்டார். புலம்பலைக் கேவலமாக நினைக்காதீர்கள். ரோகித் வெமுலாவின் கடைசிக் கடிதத்தில் ஏழு மாத உதவித்தொகை நிலுவை பற்றிய வரி இருக்கிறது. சேலம் மாவட்டத்திலிருந்து ஐதராபாத்துக்குப் போன செந்தில்குமார் 2008இலும், சேலத்திலிருந்து ஜே.என்.யூ.வுக்குப் போன முத்துக்கிருஷ்ணன் 2017இலும் திரும்பி வரவில்லை. நமது மாணவர்கள் வாய்விட்டுப் புலம்ப ஓர் இடம் இருப்பதே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

புலம்பல் ஆய்வாக மாறியது ஒரு சின்ன விஷயத்தில். நான் வன்கொடுமை வழக்குகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பாதிக்கப்பட்டவர்களைப் பார்ப்பேன், என்ன நடந்தது, எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்பேன், எழுதிக்கொள்வேன். வழக்கறிஞர் ஒருநாள் கேட்டார்: “எத்தனை பேரு எத்தனை தடவ அந்தம்மாகிட்ட இதையே கேக்கறது? போலீஸ் கேட்டான், பத்திரிகைக்காரன் கேட்டான், உண்மையறியும் குழு கேட்டுச்சு, நீயும் கேக்கற. ஸ்டேஷன்ல என்ன நடந்துச்சுன்னு யாரு கேக்கறது?”

அந்தக் கேள்வியோடு நூலகத்தில் துழாவியபோதுதான் கனடாவைச் சேர்ந்த டோரத்தி ஸ்மித் என்ற சமூகவியலாளரின் முறை கண்ணில் பட்டது. ஒடுக்கப்பட்டவரின் அன்றாடத்தில் தொடங்கு, ஆனால் அவரை ஆராயாதே. அவர் வாழ்க்கையை அப்படி அமைத்துவைத்திருக்கும் நிறுவனத்தை, அதன் காகிதங்களை, படிவங்களை ஆராய் என்பது அதன் சாரம். ஜார்ஜ் ஸ்மித் என்ற டொராண்டோ செயற்பாட்டாளர் இதை இயக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1981இல் அந்நகரத்தில் தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடும் குளியல் விடுதிகளில் போலீஸ் ரெய்டு நடந்தது. ‘போலீஸுக்கு எங்கள் மேல் வெறுப்பு’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், எந்தச் சட்டப் பிரிவின் சொற்களுக்கு ஏற்ப போலீஸ் அறிக்கை எழுதப்பட்டது என்று அவர் பின்தொடர்ந்து போனார். வெறுப்பு என்று மட்டும் சொன்னால் யாரை எங்கே மறிப்பது என்று தெரியாது. காகிதத்தைப் பின்தொடர்ந்தால் எந்த மேசையில் மறிக்க வேண்டும் என்று தெரியும்.

நாங்களும் ஒரு காகிதத்தைப் பின்தொடர்ந்தோம். ஊர் பெயர் வேண்டாம். ஒரு அக்கா, பால் சொசைட்டி வாசலில் நாலு பேர் முன்னால் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி அடிக்கப்பட்டார். ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொன்னார், அங்கிருந்தவர் எழுதினார், இவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாள் சி.எஸ்.ஆர். ரசீதோடு அலைந்து, பிறகுதான் எஃப்.ஐ.ஆர். வந்தது. அக்கா எங்களிடம் சொன்னதையும் புகாரில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். ‘சாதிப் பெயரைச் சொல்லி’ என்பது ‘அசிங்கமான வார்த்தைகளால்’ என்று ஆகியிருந்தது. ‘சொசைட்டி வாசலில்’ என்பது ‘சொசைட்டி அருகில்’ என்று ஆகியிருந்தது. அங்கே நின்ற நாலு பேர் காணாமல் போயிருந்தார்கள். நான் இதையெல்லாம் மொழிநடை என்று நினைத்துக் கடந்திருப்பேன். வழக்கறிஞர்தான் நிறுத்தினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு நிற்க வேண்டுமானால், பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தியதாக இருக்க வேண்டும். சாட்சியும் வாசலும் சாதிப் பெயரும் போன பிறகு அந்தப் பிரிவுக்கு மிச்சம் என்ன? அடுத்து என்ன வரும் என்று அவர் சொன்னபடியே வந்தது. எதிர்த்தரப்பிலிருந்து ஒரு பதில் புகார், பிறகு ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’.

அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே வந்தன. 1995ஆம் ஆண்டு விதிகளின்படி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், அவர் ஊருக்கு வந்தாரா, வந்து யார் வீட்டில் உட்கார்ந்தார்? 60 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும், முடிந்ததா? கலெக்டர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், கூடியதா, கூடியிருந்தால் கூட்டக் குறிப்பில் இந்த வழக்கு இருக்கிறதா? ஆசிரியர் ஐயா தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவதில் கை தேர்ந்தவர், இரண்டாம் முறையீடு வரை சளைக்காமல் போவார். இயக்க அண்ணனுக்கு அந்த நாலு பேர் யார், யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று தெரியும். எம்.ஏ. தங்கை அட்டவணை போட்டாள். நான் ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துத் தமிழில் சொன்னேன். இதில் எந்த ஒன்றும் என் ஒருத்திக்குத் தெரிந்ததல்ல. ‘ஆய்வாளர்’ என்று தலைப்புப் பக்கத்தில் ஒரு பெயர்தான் போட முடியும் என்பது பல்கலைக்கழகத்தின் பிரச்சினை.

நெறியாளரின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்ததும் இங்கேதான். என் சார்பைப் பிடித்து நிறுத்துவது என் மனசாட்சி அல்ல, இந்த ஐந்து பேர். அவர் சார்பை யார் பிடித்து நிறுத்துகிறார்கள் என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கையெழுத்து அவரிடம் இருக்கிறது.

ஆதரவான வட்டம் என்றால் தட்டிக்கொடுப்பது என்று யாராவது நினைத்தால், என் மூன்றாம் இயலை நாங்கள் படித்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவர்களை அழைத்திருப்பேன். அந்த அக்காவின் பெயரை மாற்றியிருந்தேன், ஊரின் பெயரை மாற்றியிருந்தேன், துறையின் நெறிமுறைப் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்திருந்தேன். உருக்கமாக எழுதியிருந்ததாக எனக்கே ஒரு பெருமை. இயக்க அண்ணன் இரண்டு பக்கம் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார்.

“பேர மாத்திட்ட, சரி. வீட்டுக்காரர் தண்ணி டேங்க் ஆபரேட்டர்னு எழுதியிருக்க. ரேஷன் கடைக்கு எதிர் வீடுன்னு எழுதியிருக்க. டேங்க் ஆபரேட்டர் ஊருக்கு எத்தன பேரும்மா?”

ஒருவர்தான். அந்த வேலையைக் கொடுப்பதும் எடுப்பதும் பஞ்சாயத்துத் தலைவர். தலைவர் எந்தத் தெரு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் ஆய்வேட்டை அந்த ஊரில் யார் படிக்கப்போகிறார்கள் என்று வாதாடினேன். “வேணும்னா படிப்பான்” என்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதை எடுத்துப் படிக்க ஒரு மாலை போதும். அந்தக் குடும்பத்தின் சோற்றில் கை வைத்திருப்பேன், அதற்கு எனக்கு டாக்டர் பட்டமும் கொடுத்திருப்பார்கள்.

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாரே என்று கோபம் வந்தது. அடுத்த இரண்டு ஞாயிறு நான் போகவில்லை. மூன்றாவது வாரம் ஆசிரியர் ஐயா போன் செய்து, தன் மனுவில் ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வரச் சொன்னார். அவர் ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். போனேன்.

குறைகளையும் எழுத வேண்டும். முதல் வருடம் முழுக்க டீ போட்டது நானும் அந்தத் தங்கையும்தான், சமத்துவம் பேசிக்கொண்டே ஆண்கள் டம்ளரை நீட்டினார்கள். சண்டை போட்ட பிறகுதான் மாறியது. தங்கை அருந்ததியர். ‘தலித் ஆய்வு’ என்று நாங்கள் சேர்த்துவைத்த வாசிப்புப் பட்டியலில் தன் மக்களைப் பற்றி எத்தனை தலைப்பு என்று ஒருநாள் எண்ணிக் காட்டினாள். இரண்டு. அதை நாங்களாகக் கவனித்திருக்க வேண்டும், அவள் எண்ண வேண்டி வந்தது. சாதி இந்துக் குடும்பத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் சேர விரும்பியபோது பெரிய விவாதம் நடந்தது. சர்மிளா ரெகேவை எடுத்து வைத்துப் பேசினோம். பூனாவில் பெண்ணிய ஆய்வுத் துறையை நடத்தியவர் அவர். தலித் பெண்களின் நிலைப்பாட்டிலிருந்து பார்ப்பதைப் பிறப்பால் தலித் அல்லாதவரும் கற்றுக்கொள்ள முடியும், ஆனால் அதற்குத் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் உழைப்பு வேண்டும் என்று வாதிட்டவர், தலித் பெண்களின் தன்வரலாறுகளைப் பாடமாக்கியவர். நண்பரிடம் சேரிக்கு எங்களோடு வர வேண்டாம், உங்கள் ஊரில் உங்கள் தெருவில் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றோம். வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லக்கூடாது என்று அவர் உறவினர்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை எங்களில் யாரும் போய்க் கேட்க முடியாது. ஆறு மாதம் அவர் வரவில்லை, போய்விட்டார் என்றே நினைத்தோம். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு திரும்பி வந்தார்.

காசு விஷயம் சுருக்கமாக. ஃபெல்லோஷிப் வருகிறவர் மாதம் 500 ரூபாய் ஒரு டப்பாவில் போடுகிறார். வராதவரின் பஸ் செலவு, ஜெராக்ஸ், சில சமயம் விடுதிக் கட்டணம் அதிலிருந்து போகிறது. திருப்பித் தர வேண்டியதில்லை, கணக்கு மட்டும் எழுத வேண்டும். இப்படி ஒன்றை உங்கள் ஊரில் தொடங்க விரும்பினால், புத்தகப் பட்டியலுக்கு முன்னால் இந்த டப்பாவை வையுங்கள்.

மூன்றாம் இயலைத் திருத்தி எழுதினேன். கணவரின் வேலை போனது, ரேஷன் கடை போனது, அக்காவின் வயதைக்கூட மாற்றினேன். துறைக்குக் கொடுப்பதற்கு முன்னால் போன மாதம் அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனோம், நானும் இயக்க அண்ணனும். ஆய்வில் யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பது என்று வட்டத்தில் முடிவு செய்திருந்தோம். நடுவில் கரண்ட் போய்விட்டது, போன் வெளிச்சத்தில் வாசித்தேன். ஸ்டேஷனில் சொல் மாறிய பகுதி வந்தபோது அக்கா திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அப்புறம் அமைதியாகக் கேட்டுக்கொண்டே இருந்தவர் முடித்ததும் கேட்டார்.

“பாப்பா, இதுல என் பேரு எங்க?”

மாற்றியிருக்கிறோம் அக்கா, பாதுகாப்புக்காக என்று விளக்கினேன். டேங்க் வேலையைப் பற்றியும் சொன்னேன்.

“புகாரு என் பேருலதான குடுத்தேன்? அடி வாங்குனது நானு. அவன் பேப்பர்ல நான் சொன்னத எடுத்துட்டான். நீ என்னையே எடுத்துட்ட.”

அவர் கணவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எதுவும் பேசவில்லை. இயக்க அண்ணனைப் பார்த்தேன், அவரும் பேசவில்லை. அடையாளத்தை மறைக்க வேண்டும் என்பதில் எங்கள் எல்லாரையும்விட உறுதியாக இருந்தவர் அவர்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு தடவை, “அவங்க சொல்றதும் நியாயம்தான” என்றார்.

வேலை போனால் அந்த வீட்டுக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று வழக்கறிஞர் கேட்கிறார். அக்காவின் பெயரைப் போடாமல் இருக்க நமக்கு என்ன உரிமை என்று தங்கை கேட்கிறாள். கணவரிடம் தனியாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்கிறார் ஆசிரியர் ஐயா. துறையில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க எனக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. வருகிற ஞாயிறு அக்காவையும் அவர் வீட்டுக்காரரையும் மாடிக்கு வரச் சொல்லியிருக்கிறோம், பஸ் செலவு டப்பாவிலிருந்து.